அரை டேங்க்

குப்பியை விடுகிறேன், உள்ளே போய் டொக்கென்று தட்டுகிறது, சாய்ந்து படுக்கிறது, குமிழி விடுகிறது, நூலில் கனம் தெரிந்ததும் இழுக்கிறேன். இரண்டு வாய்த் தண்ணீர். குக்கரில் ஊற்று, மறுபடி விடு. இது இருமல் மருந்துக் குப்பி, மருந்து தீர்ந்த பிறகும் என் வீட்டுக்காரி தெய்வானை தூக்கிப்போடவில்லை, தேங்காயெண்ணெய் வைக்க ஆகும் என்று கழுவிப் பையில் போட்டிருந்தாள், கண்ணாடிக் குப்பி என்றால் அவளுக்கு எறிய மனசு வராது. கழுத்தில் கட்டியிருப்பது அவள் தம்பி வீட்டுப் பால்காய்ப்பில் கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தின் நூல். அடியில் கனத்துக்கு ஒரு நட்டு. நட்டு கட்டாமல் விட்டபோது குப்பி தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு உள்ளே போக மாட்டேன் என்றது. படகின் தரைப்பலகையில் டேங்குக்கு இருக்கிற துளை என் மூன்று விரல் அகலம்தான், இழுக்கும்போது விளிம்பில் இடித்தால் பாதி சிந்திப் போகும், இதோ இப்போது போனதைப் போல. சிந்தாதே, கோமதிநாயகம். போர்ட் பிளேரில் பாதி ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட ஆள் நீ, ஒரு திருப்புத் திருப்பினால் ஒரு தெருவே குளிக்கும், திருப்ப மறந்தால் அதே தெரு உன் ஏழு தலைமுறையை ஏசும், அப்பேர்ப்பட்ட உனக்கு இன்றைக்கு இருமல் மருந்துக் குப்பி. என் முழங்காலுக்கு நேர் கீழே, படகின் அடிவயிற்றில், பாதி டேங்க் நல்ல தண்ணீர் கிடக்கிறது. என் முழங்கை இடிக்கிற தூரத்தில் தெய்வானை கிடக்கிறாள், உதடு வெடித்து, கண் குழிந்து, வயிற்றில் ஒன்றும் நிற்காமல். இரண்டுக்கும் நடுவில் இந்தத் துளை. நிமிர்ந்தால் வாசல் வழியாகத் தென்மேற்கில் அந்த மேகம் தெரியும், நிமிரக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன், நிமிர்ந்தேன். முன்னைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அடிப்பக்கம் அட்டையை வெட்டினதுபோல நேராக, கறுப்பாக. அது வருவதற்குள் குக்கர் நிறைய வேண்டும், அப்புறம் பின்னால் போய் வால்வைத் திறந்து கடலை உள்ளே விட வேண்டும். விட்டால் படகு நிற்கும், தண்ணீர் போய்விடும். விடாவிட்டால் தண்ணீர் இருக்கும், படகு கவிழும். காலையிலிருந்து இதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன், எப்படிச் சொன்னாலும் இதுதான் வருகிறது.

இந்தப் படகுக்கு அடியில் இரும்பும் கிடையாது, ஈயமும் கிடையாது. விடுதி நடத்தி நொடித்துப்போன பஞ்சாபிக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன பாய்மரப் படகு. இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் நிமிர்ந்து உட்காரலாம், நிற்க நினைத்தால் தலை இடிக்கும். அவர்தான் விளக்கினார். தண்ணீர்தான் இதற்கு அடிபாரம், பின்னால் இருக்கிற வால்வைத் திறந்தால் கடல் தானாக உள்ளே வந்து டேங்க் நிறையும், மூடிவிட்டால் படகு கால் ஊன்றி நிற்கும், கரையேற்றும்போது திறந்தால் எல்லாம் வெளியே ஓடிவிடும், தூக்கிக்கொண்டு போகலாம். நிறைய இருக்க வேண்டும், அரைகுறையாக மட்டும் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு லிட்டர் உப்புத் தண்ணீரையா சுமந்துகொண்டு போவது? எங்கள் ஊரில் கோடை வந்தால் தண்ணீர் நினைத்தபோது வரும், வந்தால் கொஞ்ச நேரம் நிற்கும், அதற்குள் குடம், வாளி, டிரம், சோற்றுப் பானை, பூஜைச் செம்பு வரைக்கும் நிறைத்துவைக்காத வீடு கிடையாது. கல்யாண வீட்டு அண்டாவை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்காதவர்கள் உண்டு. அப்படி ஒரு ஊரில் பிழைத்துவிட்டு, முந்நூறு லிட்டர் பிடிக்கிற ஒரு பாத்திரத்தைக் கடலுக்குத் தாரை வார்ப்பதா. நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டால் அடிபாரமும் ஆயிற்று, குடிதண்ணீரும் ஆயிற்று, தனியாக கேன் வைக்க இடம் தேட வேண்டாம். தெய்வானையிடம் சொன்னபோது, முதல் தடவையாக இந்தப் படகைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். இதையாவது உருப்படியா யோசிச்சீங்களே என்றாள். பழைய சிநேகத்தில் ஜெட்டிக்குழாயில் ஹோஸ் போட்டு நிறைத்தேன், ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன், மிதக்கிற மேல்நிலைத் தொட்டி என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன், இப்போது யார் சிரிக்கிறார்கள். குப்பியை விடு. குக்கரில் பாதிகூட வரவில்லை. கேன்களையெல்லாம் வீட்டு மாடியில் அடுக்கிவைத்துவிட்டு வந்தேனே, வெள்ளையாக, சுத்தமாக, மூடி போட்டு, வரிசையாக. கண்ணை மூடினால் அவைதான் தெரிகின்றன. இருப்பது ஒரு குக்கர், ஒரு பிளாஸ்க், இரண்டு பாட்டில். வாளி ஒன்று உண்டு, அது அவள் வாந்திக்கு வேண்டும்.

கப்பலில் போயிருக்கலாம். அரசாங்கக் கப்பல் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, கேன்டீனில் டீ கிடைக்கிறது. தம்பி வீடு கட்டியிருக்கிறான், பால்காய்ப்பு, அக்கா வராமல் அடுப்பு மூட்ட மாட்டேன் என்கிறான், நாமும் கப்பலில் போய் கப்பலில் வருவோம் என்றுதான் அவள் சொன்னாள். என் படகு இருக்கும்போது எதற்குக் கப்பல் என்றவன் நான். போகும்போது காற்று நன்றாகத்தான் இருந்தது, படகு அசையாமல் போயிற்று, அவள்கூட முன்னால் உட்கார்ந்து தலையைக் காயவைத்தாள். தம்பி இருக்கிற தீவில் இறங்கியபோது மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு எல்லோரிடமும், எங்க அத்தான் சொந்தக் கப்பல்ல வந்திருக்காரு என்றான். நெஞ்சு நிமிர்ந்ததா இல்லையா? நிமிர்ந்தது. திரும்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் ஜெட்டியில் ஒருவர் சொன்னார், காலையில் குழாயில் தண்ணீர் வரும் என்று. அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் தண்ணீர் வரும் என்று சொல்லிவிட்டால் போதும், கை சும்மா இருக்காது. பழைய தண்ணீரை எடுத்துக் கொட்ட வேண்டும், பாத்திரத்தை அலச வேண்டும், புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். வைத்த தண்ணீர் நேற்றையது என்றாலே அது பழசு, பழசு என்றால் குடிக்க ஆகாது, செடிக்கு ஊற்று, வாசலுக்குத் தெளி, சாக்கடைக்குக் காட்டு. வேலையில் இருந்தபோது இதற்காக ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தியிருக்கிறேன், பொதுமக்களே, பழைய தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று. கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் தெய்வானை முற்றத்தில் நேற்றுப் பிடித்த குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் அவள்தான் ஆரம்பித்தாள். என்னங்க, டேங்குத் தண்ணி பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது, தூக்கி ஊத்திட்டுப் புதுசு பிடிச்சுருவோம் என்றாள். நான் மறுத்தேனா? மோந்து பார்த்தேன், ஆமாம் என்றேன். கை பம்பைப் போட்டு நானே அடித்தேன். மைக் பிடித்த அதே கை. நல்ல தண்ணீர் கடலில் விழுகிற சத்தம் அவ்வளவு நேரம் கேட்டது, ஒரு மீன் குஞ்சுகூட அதற்காக ஓடி வரவில்லை. பாதி போனதும் தோள் விட்டுப்போயிற்று, மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தேன். என் சோம்பேறித்தனம்தான் இப்போது கீழே கிடக்கிற அரை டேங்க். சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அதுவும் இல்லை.

காலையில் குழாயில் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் எரிந்துவிட்டதாம். எனக்கு மோட்டார் எரிவது என்னவென்று தெரியாதா, எத்தனை முறை நானே போய்ச் சொல்லியிருக்கிறேன், மோட்டார் எரிந்துவிட்டது அம்மா, நாளைக்கு வரும் அம்மா. மச்சான் தன் வீட்டுத் தொட்டியிலிருந்து கேனில் கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்றான். அவனே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறவன், பால்காய்ப்பு வீட்டில் இருந்ததையெல்லாம் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டவன், அவனிடம் நான் தண்ணீர் வாங்குவதா, வாட்டர் ஒர்க்ஸ் அத்தானா வாங்குவது. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு மாப்பிள, மோட்டாரப் போட்டா சாயங்காலம் வீட்டுல இருப்போம் என்றேன். மச்சானுக்குக் கை காட்டினேன். அவன் நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான். வீட்டில் எங்களைத் தேட ஆள் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள் இன்னும் விருந்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறோம். தீவு கண்ணுக்கு மறைந்த பிறகு மோட்டார் இரண்டு தும்மல் தும்மி நின்றது, கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை பழுத்ததுதான் மிச்சம். பாயை ஏற்றினேன், துவைத்த வேட்டி மாதிரித் தொங்கியது. செல்போனில் கோடு இல்லை. நீரோட்டம் எங்கோ கொண்டுபோகிறது, எங்கே என்று கேட்காதே. அதன் பிறகு பம்பை அடித்தால் காற்றுதான் வருகிறது, பிரித்துப் பார்த்தேன், உள்ளே ரப்பர் வாய் பிளந்து கிழிந்திருக்கிறது. பழைய தண்ணீரைக் கொட்டின கொட்டில் கிழிந்திருக்கிறது, வேறெப்படிக் கிழியும். மாற்று ரப்பர் கேன்களுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கிறது. நேற்று தூரத்தில் ஒரு மீன்பிடி டிங்கிப் படகு போயிற்று, துண்டைக் கழற்றி வீசினேன், அவர்களும் கையை வீசினார்கள், போய்விட்டார்கள். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளைகள். அப்போதே தெய்வானைக்கு ஆரம்பித்துவிட்டது. முதலில் வயிறு, அப்புறம் வாந்தி, அப்புறம் காய்ச்சல், இப்போது வெளியே போக அவளிடம் எதுவும் இல்லை, ஆனாலும் போகிறது. உப்பும் சீனியும் போட்டுக் கொடுக்கிறேன், கொடுத்தது நிற்பதற்குள் இன்னொன்று கொடுக்க வேண்டும், நிறுத்தினால் ஆள் போய்விடும். எனக்குத் தெரியும், அம்மை, காலரா என்று எத்தனை முகாமில் நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், தண்ணீர் நின்றால் ஆள் போய்விடும்.

அந்தக் குப்பிய வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்க, டொக்கு டொக்குன்னு தலைக்குள்ள தட்டுது என்கிறாள். கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள். குரல் காய்ந்திருக்கிறது, ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது, கோபம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. இதோ முடிஞ்சிரும் என்கிறேன். முப்பது வருஷமா இதத்தான் சொல்றீங்க என்கிறாள். சிரித்துவிட்டேன், குப்பி விளிம்பில் இடித்தது, சிந்திற்று. வீணாகப் போகக் கூடாது என்று நாக்கால் நக்கினேன், பலகையை, நாய் மாதிரி. பிளாஸ்டிக் நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. அவள் மூக்கு பொய் சொல்லாது. அப்படியென்றால் இதுதானோ. இதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கிறேன், ஒவ்வொரு குப்பியோடும் மேலே வருகிறது. பால்காய்ப்பு வீட்டு ஆட்டுக்கறி என்று சொல்லிக்கொள்கிறேன், கறியை நானும்தான் தின்றேன். தண்ணீரை நானும்தான் குடித்தேன். ஆனால் நான் ஊரெல்லாம் குழாயில் வாய் வைத்துக் குடித்தவன், என் வயிறு தகரம். அவள் வயிறு கொதிக்கவைத்து ஆறவைத்து வடிகட்டின வயிறு. இந்த டேங்க் செய்தவன் குடிதண்ணீருக்கென்றா செய்தான். எத்தனை வருஷம் கடலைக் குடித்துக் கிடந்த வயிறு, உள்ளே என்ன பாசி, என்ன பூச்சி, அதன் மேல் நான் ஒரு கரண்டி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுச் சுத்தம் என்று சொன்னால் சுத்தமா. கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன், ஆனால் கொதிக்கவைக்க ஆரம்பித்தது அவளுக்கு வந்த பிறகு. அவளைப் படுக்கவைத்ததே இந்தத் தண்ணீர் என்றால், அதையே குப்பி குப்பியாக மொண்டு குக்கரில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அதைக் காப்பாற்றத்தான் படகைக் கவிழவிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு தண்ணீர் இருந்தால் சொல். இல்லை. அப்படியென்றால் மொள்ளு. ஆட்டுக்கறிதான். ஆட்டுக்கறி என்றே வைத்துக்கொள்.

வெளிச்சம் மாறிவிட்டது. பகல்தான், ஆனால் உள்ளே குப்பியின் நிறம் தெரியவில்லை. கடல் மேல்தோல் சிலிர்க்கிறது, காற்று இல்லை, காற்று வரப்போகிற நடுக்கம் மட்டும் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலமும் இப்படித்தான் ஒன்று வந்தது, சின்னது, வால் மட்டும் எங்கள் மேல் பட்டது. அதற்கே தெரிந்துவிட்டது. படகு லேசாகச் சாய்ந்ததும் கீழே இருந்த தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிற்று, ஓடினதும் படகு இன்னும் சாய்ந்தது, சாய்ந்ததும் இன்னும் ஓடிற்று. நான் மேல் விளிம்பில் போய்த் தொங்கினேன். தெய்வானை படுக்கையிலிருந்து உருண்டு எதிர்ச் சுவரில் போய் விழுந்தாள், தோளில் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. நிமிர்ந்தபோது தண்ணீர் இந்தப் பக்கம் ஓடி வந்து இடித்தது. அதன் கனத்தை என் பாதத்தில் உணர்ந்தேன், இருட்டில் ஒரு மாடு திரும்பிப் படுப்பதைப் போல. அது வால். இப்போது வருவது தலை. நிறைந்த டேங்க் என்றால் தண்ணீர் ஓட இடமில்லை, கெட்டியாகக் கிடக்கும், படகு சாய்ந்தாலும் எழும். காலியாக்கிவிடலாமா என்றும் யோசித்தேன், காலியானால் அடிபாரமே இல்லை, முதல் தள்ளிலேயே குப்புற. மழை வருமே, பிடித்துக்கொள்ளலாமே என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது, தார்ப்பாயைக்கூட எடுத்து வைத்திருக்கிறேன். என் உத்தியோகம் முழுக்க மேகத்தை நம்பி ஏமாந்ததுதான். அணைக்கட்டின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருப்போம், கறுத்துக்கொண்டு வரும், இன்ஜினியர் கும்பிடுவார், அது எங்களைத் தாண்டிப் போய்க் கடலில் கொட்டும், கடலுக்கு என்ன குறைச்சல். நேற்று வந்ததும் காற்றை மட்டும் கொடுத்துவிட்டு எங்கோ போய்ப் பெய்தது. காற்று நிச்சயம், மழை சந்தேகம். நிச்சயத்துக்கு வால்வு, சந்தேகத்துக்குத் தார்ப்பாய். குக்கர் முக்கால். இன்னும் கொஞ்சம், இன்னும் நாலு குப்பி. அந்த நாலை முடித்துவிட்டு இன்னொரு நாலு என்கிறேன். வால்வு பின்னால்தான் இருக்கிறது, தவழ்ந்து போனால் எட்டிவிடும், எழுந்திருக்க மாட்டேன் என்கிறேன். ஊருக்கே திறந்துவிட்ட ஆளுக்கு ஒரு வால்வைத் திறக்கக் கை வரவில்லை. நான் திறந்து தண்ணீர் வந்துதான் பழக்கம், திறந்து தண்ணீர் போய்ப் பழக்கமில்லை. குக்கர், பிளாஸ்க், இரண்டு பாட்டில், இது அவளுக்கு நாளைக்கு வரைக்கும் காணும், மறுநாளைக்குக் காணுமா. மறுநாளும் யாரும் வராவிட்டால்? என் பங்கைக் கொடுத்துவிடுகிறேன், என் பங்கு எவ்வளவு. அவள் உதட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேகத்தைப் பார்த்தேன். மறுபடி குப்பியை விட்டேன்.

குப்பியை இழுக்கும்போது படகு தானாகச் சாய்ந்தது. காற்று இன்னும் வரவில்லை, அதற்கு முன்னால் அலை வந்துவிட்டது. கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, குக்கர் நகர்ந்தது, இரண்டு கையாலும் அதைப் பிடித்து மடியில் வைத்து மூடியைத் திருகினேன். குப்பி நூலோடு உள்ளே விழுந்துவிட்டது. போய்விட்டது. துளைக்குள் விரலை விட்டுத் துழாவினேன், நூல் அகப்படவில்லை, விரல் நுனிக்குத் தண்ணீர் எட்டவில்லை. அப்பாடா என்றுகூட ஒரு நொடி தோன்றிற்று, வெட்கமாக இருந்தது. இனி மொள்ள ஒன்றுமில்லை. குக்கரை அவள் இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன், அவளைப் போர்வையோடு சேர்த்துக் கட்டினேன், தவழ்ந்து பின்னால் போனேன். வால்வின் கைப்பிடி சூடாக இருந்தது. எத்தனை ஆயிரம் தடவை திருப்பின கை இது, திருப்பு என்றால் திருப்பும், அதற்கு யோசிக்கத் தெரியாது, நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். திருப்பினேன். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கைப்பிடிக்குக் கீழே ஒரு நடுக்கம், அவ்வளவுதான், கடல் உள்ளே போகிறது. என் அரை டேங்க், ஹோஸ் பிடித்து நிறைத்தது, ப்ளீச்சிங் கரைத்தது, பாதி கொட்டியது, மீதியைக் குப்பி குப்பியாக மொண்டது, எல்லாவற்றின் மேலும் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அழுதேன். சத்தம் போட்டே அழுதேன், கேட்க யார் இருக்கிறார்கள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. புஸ்ஸென்று ஆரம்பித்து, விக்கி, கரகரத்து, மறுபடி புஸ்ஸென்று இழுத்தது. கடல் பின்னால் நுழைய நுழைய டேங்கில் இருக்கிற காற்று முன்னால் இருக்கிற அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும், துளை அவள் தலைமாட்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சத்தம் அது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, அதே சத்தம். நான் உள்ளே போவதற்குள் தெய்வானை கண்ணைத் திறந்திருந்தாள். காலையிலிருந்து திறக்காத கண், அகலமாக, பளிச்சென்று. கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். "என்னங்க, தண்ணி வருது. கொடத்த வைங்க." இங்கே குடம் ஏது. வாளியைக் கடல் தண்ணீரில் அலசிக் கொண்டுவந்து துளைக்குப் பக்கத்தில் வைத்தேன், பலகையில் அது உரசுகிற சத்தம் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. ஆமா, வருது, நீ படு என்றேன். "நல்ல போர்ஸா வருதுல்ல?" என்றாள். நல்லா வருது என்றேன். துளையிலிருந்து வந்த காற்று அவள் முன்னெற்றி முடியை அசைத்தது. கையை எடுத்துத் துளையின் மேல் காட்டினாள், விரலை நனைக்கப் பார்ப்பதுபோல. "ஜமீலாக்காட்ட சொல்லிருங்க. அவங்களுக்குக் கேட்ருக்காது." ஜமீலாக்கா பக்கத்து வீட்டுக்காரி, காது மந்தம், தண்ணீர் வந்தால் இவள் சுவர் வழியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அவர் வீட்டில் குடம் நகரும். சொல்லிட்டேன் என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். "நீங்க சொல்லல. எனக்குக் கேக்கலியே." எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்க விட்டால் விழுவாள். நான் வெளியே வந்தேன், டேங்க் நிறைந்ததும் வால்வை மூடினேன். கடல் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது, முதல் காற்று வந்து முகத்தில் மோதிற்று, மழை இல்லை. படகு சாய்ந்தது, நின்றது, நிமிர்ந்தது. பாய்மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த வெட்டவெளியைப் பார்த்து, ஜமீலாக்கா, தண்ணி வந்துருச்சு என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவள், அவங்களுக்கு அது கேக்காது, சத்தமா சொல்லுங்க என்றாள். சத்தமாகச் சொன்னேன்.